பட்டன் செக்ஷனின் தீர்ப்பு

அவர் கண்ணுக்குத் தப்பிய பட்டன் இந்த உலகத்தில் இல்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் அந்த மிகை ஆயிரம் சட்டைக்கு இரண்டு சட்டையைத் தாண்டாது என்பதற்குக் கம்பெனி வாசலில் மாட்டியிருக்கிற பாராட்டுப் பலகையே சாட்சி.

சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. ஒரு சட்டை உருவாவதற்குள் நாற்பத்திரண்டு பேர் கை படும். காலர் வைக்கிறவர் காலரோடு சரி. கை வைக்கிறவர் கையோடு சரி. கடைசியில் செக்கிங். அங்கே ஐந்து மேஜைகள். முதல் மேஜையில் காலரைப் பார்ப்பார்கள். இரண்டாவதில் தையல், மூன்றாவதில் பட்டனும் அது நுழைகிற காஜாவும், நான்காவதில் பாக்கெட். ஐந்தாவதில் நூல் பிசிரைத் தட்டி மடிக்கத் தள்ளிவிடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், சட்டையை முழுசாகப் பார்ப்பது எந்த மேஜை என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார். அது வாங்கிப் போட்டுக்கொள்கிறவன் வேலை என்று பதில் சொல்லி அவரை உட்கார வைத்தார்கள்.

நம்மவர் மூன்றாவது மேஜை. இருபத்தாறு வருஷமாக மூன்றாவது மேஜை. இடது கையால் சட்டையின் பட்டன் பட்டியை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, வலது கையால் ஏழு பட்டன்களுக்கும் ஒரு தடவல், தீர்ப்பு முடிந்தது. குற்றம் இருந்தால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். மேல்முறையீடு கிடையாது. அதனால் அவருக்கு 'ரிஜெக்ட்' என்றே பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ரிஜெக்ட் அண்ணன் என்றால் கேன்டீனில் நாற்காலி காலியாகும்.

இந்தப் பதவியை அவர் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவரல்ல. பேருந்து இருக்கை, பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டி, மைத்துனர் சொல்கிற கதை எல்லாமே மூன்றாவது மேஜைக்கு வந்து, தடவப்பட்டு, ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு போயின. மிக அதிகமாக ஸ்டிக்கர் வாங்கியது ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி டிவி நிகழ்ச்சி.

உதவி கேட்கும் நிகழ்ச்சி. வாரம் ஒரு துயரம். நோயாளி வருவார், அல்லது வீடு இழந்தவர் வருவார். தொகுப்பாளர் கண் கலங்குவார். திரையின் வலது பக்கம் பணம் அனுப்ப வேண்டிய எண் பெரிய எழுத்தில் நிற்கும். கீழே இதுவரை சேர்ந்த தொகை ஊர்ந்துகொண்டிருக்கும். ரிஜெக்ட்டைக் கஞ்சன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உடன் வேலை செய்கிறவர் வீட்டில் ஆஸ்பத்திரி என்றால் கேட்காமலே சட்டைப்பைக்குள் கை விடுகிற மனிதர். டிவி என்றால் மட்டும் கை சட்டைப்பைக்கு வெளியிலேயே நின்றுவிடும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் வருஷம் வெள்ளத்தில் மிதந்த ஒரு வீட்டைப் பார்த்து மனம் இளகிப் பணம் அனுப்பினார். அடுத்த வருஷம் அதே வீடு, பால்கனியில் காய்ந்த அதே துண்டோடு, இன்னொரு ஆற்றில் மிதந்தது. அன்றிலிருந்து செக்கிங் ஆரம்பித்தது.

வயலின் எப்போது தொடங்குகிறது என்று பார்ப்பார். நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்பே வயலின் வந்துவிட்டால் ரிஜெக்ட். தொகுப்பாளர் கண்ணீர் கேமரா இருக்கிற பக்கத்துக் கண்ணில் மட்டும் வந்தால் ரிஜெக்ட். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரித்த போர்வையில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்பது வருஷத்தில் ஒரு பீஸ்கூடப் பாஸாகவில்லை.

அவர் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பிசிர் வெட்டுவார். அந்த அம்மாளும் அதே கம்பெனிதான். பாக்கெட் செக்ஷனில் ஏழு வருஷம் பாக்கெட் தைத்தவர். மணிக்கட்டு வலி வந்து மிஷினை விட்டார். இப்போது கம்பெனி மூட்டைகள் வீட்டுக்கு வருகின்றன. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் நாள் முழுக்கப் பிசிர் வெட்டுகிறார். மணிக்கட்டு வலி மட்டும் வேலையை விடவில்லை. படுத்தால்தான் அதற்கு ஞாபகம் வரும். டிவி விஷயத்தில் அவர் கணவரிடம் எதுவும் கேட்டதில்லை, அந்தப் பையன் வரும் வரை.

எட்டு வயதுப் பையன். இருதயத்தில் கோளாறு. ஆறு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரே பிள்ளை என்றாள். டிவிக்கு வருகிறோமே என்று, போன மாதம் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக் கூட்டி வந்ததாகச் சொன்னாள். தொகுப்பாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: உடம்பு சரியான பிறகு என்ன செய்யப் போகிறாய்? இந்தக் கேள்விக்கு டாக்டர் ஆவேன், போலீஸ் ஆவேன் என்று பதில் வருவதுதான் முறை. பையன் கொஞ்சம் யோசித்தான்.

"படுத்துத் தூங்கணும்" என்றான்.

படுத்தால் மூச்சு முட்டுமாம். நான்கு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

கத்தரி நின்றது. "என்னங்க," என்றார் மனைவி, "இந்த ஒரு தடவ அனுப்பிடலாங்க. இனிமே கேக்க மாட்டேன்."

ரிஜெக்ட் செக்கிங்கில் இறங்கினார். வயலின் வரவே இல்லை. தொகுப்பாளருக்கு இரண்டு கண்ணிலும் கண்ணீர், மூக்கிலும்கூட. இடையில் காட்டிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை நன்றாகக் கசங்கியிருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பீஸ் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாஸ் போட்டுப் பழக்கமில்லாத மனிதர். போனைக் கையில் எடுத்தார். எண்ணில் பாதியை அழுத்தியும்விட்டார். அப்போதுதான் பார்த்தார்.

எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். பையனின் சட்டையில் பட்டன் இடது பக்கம் இருந்தது. காஜா வலது பக்கம்.

ஆண் பிள்ளைச் சட்டைக்குப் போட்டிருக்கிறவரின் வலது பக்கம் பட்டன், இடது பக்கம் காஜா. பெண் பிள்ளைச் சட்டைக்கு இது மாறும். யார் எப்போது வகுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் இதுதான். இதை மீறி வந்த ஒரு சட்டையை அவர் இருபத்தாறு வருஷத்தில் வெளியே விட்டதில்லை. போன் மேஜைக்குத் திரும்பியது.

பெண் குழந்தையைப் பையனாகக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று தீர்ப்பு சொன்னார். பொய் சொல்கிறவன் பட்டன் வரைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றும், இந்தக் காலத்தில் பொய்யிலும் வேலை சுத்தம் இல்லாமல் போய்விட்டது என்றும் வருத்தப்பட்டார்.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, அந்தச் சட்டையில இன்னொண்ணு—"

"இன்னொண்ணு எதுக்கு? எம் மேஜைக்கு வந்தத நான் பாத்துட்டேன். ஒண்ணு போதும்."

கத்தரி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் ஒரு குடும்பத்தின் சிக்கனம் என்று விட்டுவிடலாம். மறுநாள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஒரு வெள்ளைத் தாளோடு கேன்டீனுக்கு வந்தார். துணியை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் நூறு சட்டைக்கு வெட்டுகிறவர். மனசு மட்டும் மிக மெல்லிய துணி. பையனைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லையாம். கம்பெனி மொத்தமும் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுப்பது என்று தாளின் தலையில் எழுதியிருந்தார். மேனேஜர் சரியென்றுவிட்டார். முந்நூற்று எண்பது பேர். பதினேழு பேர் கையெழுத்தும் போட்டாயிற்று. பதினெட்டாவது இடம் ரிஜெக்ட்டுக்கு. அவர் கையெழுத்து விழுந்தால் மீதிப்பேர் தானாகப் போடுவார்கள் என்பது கட்டிங் மாஸ்டர் கணக்கு.

ரிஜெக்ட் பேனாவை வாங்கினார். மூடியைப் போட்டு மேஜையில் வைத்தார். பிறகு பட்டன் விஷயத்தைச் சொன்னார்.

முதல் மேஜைக்காரியான காலர் அக்கா மட்டும் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். "அக்கா சட்டைய எடுத்துப் போட்டிருப்பான்ணே. எங்க வீட்ல நடக்காததா?"

"ஒரே பிள்ளைன்னு அம்மாவே சொல்லுதே."

"யாராச்சும் குடுத்த பழைய சட்டையா இருக்கும்."

"பிறந்தநாளுக்குக் கடையில வாங்கினதாம். கடைக்காரன் பையனுக்கு இந்தச் சட்டையக் குடுப்பானா? நீ சொல்லு, உன் பையனுக்கு வாங்குவியா?"

காலர் அக்கா வாங்க மாட்டார். யாருமே வாங்க மாட்டார்கள். ஒருவர் போனில் நிகழ்ச்சியைப் போட்டார். சட்டை தைத்தே வாழ்கிற அத்தனை பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். பட்டன் இடது பக்கம்தான். சந்தேகத்துக்கே இடமில்லை. நான்காவது மேஜையில் பாக்கெட் பார்க்கிறவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவரும் உற்றுப் பார்த்தார். ஆனால் அவரைப் பார்க்கச் சொன்னது பட்டனை. அவர் பட்டனைப் பார்த்தார்.

அப்போது கேன்டீனில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஏமாந்துபோனவர்கள் விடுகிற பெருமூச்சில்லை அது. மாதக் கடைசியில் ஒரு நாள் சம்பளம் காலடியில் திரும்பி வந்து விழுந்தால் எப்படி மூச்சு வருமோ, அப்படி. கையெழுத்துப் போட்ட பதினேழு பேரில் பதினாறு பேர் தங்கள் பெயரைத் தாங்களே அடித்தார்கள். கட்டிங் மாஸ்டர் தாளை நாலாக மடித்தார். சாயங்காலம் அது ஆடுகிற டீ மேஜையின் காலுக்கு அடியில் இருந்தது. மேஜை அதன் பிறகு ஆடவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் ரிஜெக்ட்டின் பொற்காலம். தையல் லைனிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தார்கள். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். தெருவிலும் செய்தி பரவியது. முன்பின் தெரியாதவர்கள் வழிமறித்து, தாங்களும் அனுப்ப இருந்ததாகவும், நல்லவேளையாக அவரால் பிழைத்ததாகவும் சொன்னார்கள். இத்தனை தயாள மனிதர்கள் தன் தெருவில் இருந்தது அவருக்கு அதுவரை தெரியாது. ஞாயிறுதோறும் நிகழ்ச்சியின் முடிவில் பையனின் படத்தைக் காட்டி, இன்னும் இவ்வளவு தேவை என்றார்கள். தொகை நத்தை மாதிரி ஊர்ந்தது. நாடு முழுக்கப் பட்டனைக் கவனித்துவிட்டது என்று அவர் மனைவியிடம் திருப்தியோடு சொன்னார். மனைவி நூல் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஞாயிறு, நிகழ்ச்சி தொடங்கியதும் தொகுப்பாளர் எழுந்து நின்றார். அந்தப் பையன் வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டான் என்றார். சொல்லி முடிக்கப் பதினோரு விநாடி. அன்று அவர் எந்தக் கண்ணாலும் அழவில்லை. அடுத்த துயரம் காத்திருந்ததால் நேரமும் இல்லை. திரையில் ஒரு புகைப்படம் வந்தது. வீட்டுச் சுவர் ஓரம் பையன் நிற்கிறான். அதே சட்டை. அதே நீலக் கட்டம்.

பட்டன் வலது பக்கம் இருந்தது.

ரிஜெக்ட் எழுந்து டிவியிடம் போவதற்குள் படம் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு பற்பசை விளம்பரம் சிரித்தது. அவர் குனிந்த நிலையிலேயே நின்றார்.

"பாக்கெட் வலது பக்கம் இருந்துச்சுங்க," என்றார் மனைவி, பின்னாலிருந்து. குரல் உயரவில்லை. "அன்னிக்குக் காட்டினாங்களே, அதுல. யாரும் வலது பக்கம் மட்டும் பாக்கெட் வச்சுத் தைக்க மாட்டாங்க. ஏழு வருஷம் தச்சிருக்கேன். பட்டனும் மாறி, பாக்கெட்டும் மாறியிருந்தா சட்டை மாறல, படத்தத்தான் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்காங்க."

"எதுக்குத் திருப்பணும்?"

"நம்பர் அந்தப் பக்கம் இருக்குல்ல. அவன் நம்பரப் பாக்கற மாதிரி இருக்கட்டும்னு திருப்பியிருப்பாங்க. அவன் பாத்தாத்தான் நாமளும் பாப்போம்."

விளம்பரம் மாறியது. அவர் திரும்பாமலே, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொல்ல வந்தேன்." ஒரு பிசிரை வெட்டினார். "ஒரு வார்த்த தடுத்தீங்க, நானும் விட்டுட்டேன். மறுநாள் சொல்லியிருக்கலாம். அதுக்கு மறுநாளும் சொல்லியிருக்கலாம். நீங்க வேண்டாம்னதும் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாத்தாங்க இருந்துச்சு."

இருபத்தாறு வருஷத் தீர்ப்புகளில் எதையும் இப்படி யாரும் அவர் முன்னால் பிரித்துப் போட்டதில்லை. அவர் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். இந்த முறை முழுசாக. ஒரு பெண் குரல், மிஷின் குரல், அவருடைய கருணைக்கு நன்றி சொன்னது. நீங்கள் தேர்ந்தெடுத்த கோரிக்கை நிறைவடைந்துவிட்டது என்றது. இந்த வாரக் கோரிக்கைக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அவர் எதையும் அழுத்தவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கருணைக்கு நன்றி.

மறுநாள் கேன்டீனில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். படம் திரும்பியிருந்ததையும், பாக்கெட்டையும், வியாழக்கிழமையையும். குறையுள்ள பீஸைப் பாஸ் போட்டுவிட்டால் திரும்ப வரவழைக்க ஒரு வழி உண்டு. நல்ல பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்க எந்தக் கம்பெனியிலும் வழி வைக்கவில்லை. அது அன்று அவருக்குத் தெரிந்தது.

கட்டிங் மாஸ்டர்தான் முதலில் பேசினார். "விடுங்கண்ணே. நம்ம ஒரு நாள் சம்பளத்துலயா எல்லாம் நின்னுச்சு?"

நின்றிருக்கலாம், நிற்காமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல இனி ஆள் இல்லை. படத்தைத் திருப்பிப் போட்டது டிவிக்காரன் குற்றம் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. நான்காவது மேஜைக்காரர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். காலர் அக்கா மட்டும், "அப்ப அவன் பையன்தானா" என்று யாரிடமோ கேட்பதுபோல் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் நாற்காலி காலியானதும் ஒருவர் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு ரிஜெக்ட்டின் முன்னால் போனை நீட்டினார்.

"அண்ணே, இந்த வாரம் ஒரு பெரியவர் வந்திருக்கார். கிட்னியாம். ஒரு பார்வ பாத்துச் சொல்லிடுங்க, எங்க வீட்ல அனுப்பணும்னு நிக்குறாங்க."

ரிஜெக்ட் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அதையும் ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். பெரியவருக்கும் யாரும் அனுப்பவில்லை.

அன்றிலிருந்து மூன்றாவது மேஜையில் ஒரு புது வழக்கம் வந்தது. சட்டை வந்தால் முதலில் காலரைப் பார்ப்பார். பிறகு கை, தோள், பாக்கெட். உள்ளே வெளியே புரட்டிப் பார்ப்பார். தூக்கி விளக்குக்கு நேராகப் பிடிப்பார். கடைசியில்தான் பட்டன். அதற்குள் அவர் மேஜைக்குப் பின்னால் சட்டை மலையாகக் குவிந்துவிடும். அடுத்த இரண்டு மேஜைகளில் வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசர் முதலில் தன்மையாகச் சொன்னார். அப்புறம் தன்மை தீர்ந்துபோனது.

"உங்க வேல பட்டன். பாக்கெட்டுக்கு ஆள் இருக்கு."

"பாக்கெட்டப் பாக்காம பட்டன் எந்தப் பக்கம்னு எப்படிங்க சொல்றது?"

வாரக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எதையும் பார்க்க வேண்டியதில்லை. அட்டையை உள்ளே வைத்து மடித்து உறையில் போட்டால் சரி. பாராட்டுப் பலகையில் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் வந்தது. ரிஜெக்ட் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் காரணம் மாறிவிட்டது: செக்கிங்கிலிருந்து கழித்துக் கட்டிய ஆள், அதனால் ரிஜெக்ட் என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். அவர் அதைத் திருத்துவதில்லை.

ஞாயிறு ஏழு மணிக்கு இப்போதும் அவர் வீட்டில் டிவி ஓடுகிறது. அவர் டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார். யார் வந்தார்கள், என்ன நோய், எதையும் கேட்பதில்லை. நாற்காலியைத் திருப்பிய முதல் வாரம் மனைவியைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"நான் பாத்தா பாக்கெட்ட மட்டுந்தாங்க பாப்பேன்," என்றார் அந்த அம்மாள்.

அதனால் யாரும் பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. மனைவி எண்ணை வாசிக்கிறார். அவர் சுவரைப் பார்த்தபடி அழுத்துகிறார். வாராவாரம் ஒரே தொகை, பேக்கிங் சம்பளத்துக்கு எது தாங்குமோ அது. குழந்தைக்கும் அதுதான், பெரியவருக்கும் அதுதான்.

போன வாரம் மழை. நிகழ்ச்சியில் வெள்ளம். வயலின் ஆரம்பத்திலிருந்தே வாசித்தது. மனைவி எண்ணை வாசிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார்.

"என்னங்க, அதே வீடு. பால்கனியில அந்தத் துண்டுகூட அப்படியே தொங்குது."

"தெரியும்," என்றார் அவர். "மிச்ச நம்பரச் சொல்லு."

மனைவி சொன்னார். அவர் அழுத்தினார். மிஷின் குரல் அவருடைய கருணைக்கு நன்றி சொல்லி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.